மஞ்சள் தாளில் கறுப்புக் கரை

கம்பியூட்டரைத் தொட்டு ஆறு கிழமைகூட ஆகவில்லை. அதற்குள் மல்லாவியில் என்னை விட்டால் ஆள் இல்லை என்று தலைகால் தெரியாமல் திரிந்தேன். சண்டை ஓய்ந்த சமாதானக் காலம். பாதை திறந்து சாமான்கள் வரத் தொடங்கியிருந்தன. ஏ.எல். சோதனை எழுதிவிட்டு மறுமொழிக்குக் காத்திருந்த எனக்கு, ஊரில் புதிதாகத் தொடங்கிய வகுப்பில் பின்னேரத்தில் இரண்டு மணித்தியாலம் ஜெனரேற்றரில் ஓடும் இரண்டு கம்பியூட்டர்கள்தான் உலகம்.

கையால் தாள் செய்யவும் எனக்குத் தெரியும். பெண்களுக்கு நடந்த ஒரு பயிற்சியில் மூன்று நாள் பழகியது. பழைய கொப்பித் தாள்களைக் கிழித்து ஊறப்போட்டு, உரலில் இடித்துக் கூழாக்கி, தண்ணீரில் கரைத்து, நுளம்பு வலை அடித்த சட்டத்தால் அள்ளி, பழைய சாரத் துணியின் மேல் கவிழ்த்துக் காயவிட வேண்டும். கூழுக்குள் மஞ்சள் தூளைக் கலந்து, அந்தத் தாளிலேயே கம்பியூட்டரால் அச்சடித்தால் எப்படி இருக்கும்? இந்த யோசனை வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோசப் புளுகம்.

எதிர்வீட்டு மாமியின் ஒரே மகள் அப்போதுதான் பெரியபிள்ளையாகியிருந்தாள். மாமியின் புருசன் வயலில் பாம்பு கடித்துச் செத்து நான்கு வருடம். தாலி இழந்தவர்களை நல்ல காரியங்களில் எங்கள் ஆட்கள் முன்னுக்கு விடமாட்டார்கள். ஆனாலும் மாமி தன் தமையனிடம் மன்றாடி ஒரு சம்மதம் வாங்கியிருந்தார். பூப்புச் சடங்கான சாமத்தியவீட்டன்று மகள் மணவறையில் இருக்கும்போது தாயும் பக்கத்தில் நிற்கலாம், படத்திலும் நிற்கலாம். அதற்கென்று நீலத்தில் ஒரு புதுச் சேலையும் எடுத்து வைத்திருந்தார்.

"தேப்பன் இல்லாத பிள்ளை எண்டு ஒண்டும் குறையக் கூடாது பிள்ளை. அழைப்புக் காட் அடிக்க வவுனியாவுக்குப் போய்வர எனக்கு ஆர் இருக்கினம்?" என்றார் மாமி.

"ஏன், நான் இருக்கிறன்தானே மாமி. வவுனியாக்காரர் வந்து பாத்துப் பழகுற மாதிரி அடிச்சுத் தாறன்" என்றேன். வாய் மட்டும் எனக்கு எட்டு ஊருக்கு நீளம்.

முப்பத்தாறு தாள் செய்தேன். அம்மிக்குக் கீழே வைத்துத் தட்டையாக்கினேன். கம்பியூட்டரில் மேலே பிள்ளையார், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் எழுத்து, சுற்றிவர விரலளவு தடிப்பில் சிவப்புக் கரை. திரையில் பார்த்தால் கூறைச் சேலைதான். வகுப்பு நடத்திய அண்ணா முதல் நாளே சொல்லியிருந்தார், அங்கிருந்த அச்சு மெசினில் கறுப்பு மை மட்டும்தான் என்று. நானும் தலையாட்டியிருந்தேன். அப்படியானால் என் சிவப்பு என்ன நிறத்தில் வரும் என்று ஒரு நிமிசம் யோசித்தேனா? இல்லை. மெசினை அவர் மட்டும்தான் தொடலாம் என்பது அங்கே சட்டம். தாள்களைக் கொடுத்துவிட்டு வந்து அடுத்த நாள் போனேன்.

முப்பத்தாறிலும் கறுப்புக் கரை.

எங்களுக்குக் கறுப்புக் கரை போட்ட காட் என்றால் செத்தவீடு. அல்லது முப்பத்தோராம் நாள். வேறொன்றும் கிடையாது. அப்படி ஒன்றைக் கண்டால் எழுத்தை வாசிக்க முதலே "ஆராம்?" என்று கேட்கிற சனம். அண்ணாவுக்கு இதெல்லாம் கண்ணில் படவில்லை. தடித்த தாளில் எழுத்துத் தெளிவாக விழுந்த சந்தோசம் அவருக்கு. "உன்ர கரை நல்ல வடிவாய் வந்திருக்கு" என்றார்.

விழாவுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. நேரே மாமியிடம் போய், பிழைத்துவிட்டது, வாயால் சொல்லுங்கோ என்றிருக்கலாம். அரைவாசி ஊர் வாயால்தான் சொல்லியது. ஆனால் அவ்வளவு புளுகிவிட்டு எந்த முகத்தோடு போவது? குங்குமத்தைக் கோதுமை மாப் பசையில் குழைத்துக் கரைமேல் பூசினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கிற வேலை. ஆனால் கறுப்பு மறைந்துதான் போனது. காய்ந்த பிறகு எனக்கே அது நல்லாயிருந்தது.

மாமி காட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சந்தோசத்தில் அழுதார். நாலு மூலைக்கும் மஞ்சள் பூசினால்தான் காட் கொடுக்கலாம். அதைப் பூசுவது சுமங்கலியின் கை. தமையனின் மனைவி வந்து பூசுவதாகப் பேச்சு.

"பிள்ளை, ஒருத்தரும் பாக்கேல்லைத்தானே" என்றார் மாமி. "என்ர பிள்ளையின்ர காட். நான் பூசட்டே?"

நான்தான் மஞ்சளைக் குழைத்துக் கொடுத்தேன். முப்பத்தாறுக்கும் மூலை மூலையாக, பிள்ளைக்குப் பொட்டு வைக்கிற பக்குவத்தில் பூசினார். யாரோ சுமங்கலி பூசி வைத்த காட் என்று நினைத்துத் தமையன் எடுத்துப் போனார்.

அடுத்த நாள் தமையனும் மனைவியும் மோட்டார் சைக்கிளில் சொல்லப் போனவர்கள், மூன்றாவது வீட்டோடு திரும்பி வந்துவிட்டார்கள். பைக்குள் காட்டோடு காட் உரசிக் குங்குமம் முழுக்க உதிர்ந்திருந்தது. அந்தத் தூளைப் பையிலிருந்த குங்குமச் செப்பிலிருந்து சிந்தியது என்று நினைத்திருந்தார்கள். அந்த வீட்டு அம்மா காட்டைத் தொடவேயில்லையாம். "செத்தவீட்டுக் காட்டைக் கொண்டே சாமத்தியவீட்டுக்குச் சொல்ல வந்தனீங்கள்?" என்று கேட்டாவாம். தமையன் பையை முற்றத்தில் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"என்ன பிள்ளை இது?"

"நான் தரேக்க சிவப்பாத்தானே மாமா இருந்தது" என்றேன். பிறகு கேட்காமலே சொன்னேன். "கம்பியூட்டர் மைக்கு ஈரம் ஆகாது. மஞ்சள் பட்டுக் கறுத்திட்டுதாக்கும்."

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்று ஆலத்தித் தட்டில் நாளும் பார்க்கிற சனம். மஞ்சள் பட்டு மை கறுக்கும் என்றால் நம்பாதா? அதுவும் கம்பியூட்டர் படித்த பிள்ளை சொல்கிறாள்.

"மஞ்சள் ஆர் பூசினது? நான் பூசேல்லையே" என்றார் தமையனின் மனைவி.

அந்தப் பொய்யைச் சொல்லும்போது மாமி பூசியது எனக்கு நினைவில் இல்லை என்று கனகாலம் எனக்கு நானே சொல்லி வந்தேன். அதுவும் பொய். நன்றாகவே நினைவிருந்தது.

"நான்தான் அண்ணை" என்றார் மாமி.

தமையன் ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் மனைவிதான் பெருமூச்சு விட்டு, "இதுக்குத்தான் பெரியாக்கள் அப்பிடி வைச்சவை" என்றார். பிறகு ஒருவரும் மாமியிடம் மணவறைக்குப் பக்கத்தில் நிற்காதே என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

சாமத்தியவீட்டன்று மாமி விடியவே குசினி அடுப்படிக்குள் போனவர் வெளியே வரவில்லை. உடுத்திருந்தது பழைய சேலை. மகள் மணவறையில் இருந்து வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னிப் பிள்ளை, கெட்டிக்காரி என்று ஆலத்தித் தட்டை என் கையில் தந்தார்கள். மாமி நிற்க வேண்டிய பக்கத்தில் நின்று, படம் எடுக்கிறவர் சொன்னபடி சிரித்தேன். சீ! இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

ஆலத்தி முடிந்து தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனேன். மாமி திருவலைக்கு முன்னால் இருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். வேறு ஒருவரும் இல்லை. சொல்வதென்றால் அப்போது சொல்லியிருக்கலாம். அவர்தான் முந்திக்கொண்டார். கையைச் சேலையில் துடைத்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

"எவ்வளவு கஷ்டப்பட்டுச் செய்து தந்தனி. என்ர கையால பழுதாக்கிப் போட்டன் பிள்ளை. மனசில வைச்சிராத."

"பரவாயில்லை மாமி, விடுங்கோ" என்று அவரை மன்னித்துவிட்டு வெளியே வந்தேன்.