பிலோமினா அக்கா சொன்ன தேதிகள்

பிலோமினா அக்காவின் தங்கை அனுப்பிய செய்தியில் 'அக்கா போயிட்டா' என்று மட்டும் இருந்தது. குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் தளம் கட்டுவதைப் பார்த்துவர வேண்டும் என்று அக்கா ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். 'குலசைக்கா? யாரோட?' என்று பதில் போட்டேன். திரும்ப வந்தது அழுகை மட்டுமே கேட்கும் ஒரு குரல்பதிவு. அப்போதும் எனக்கு உடனே விளங்கவில்லை.

தருவைகுளத்தில் படகு உரிமையாளர்களின் அலுவலகத்தில் பதினோரு வருடம் எங்களுக்கு எதிரெதிர் மேஜை. வடக்கே உள்ள பழைய தளத்திலிருந்து ராக்கெட் ஏவும் நாளில் கடலில் எந்தப் பக்கம் போகக்கூடாது என்று படகுகளுக்குச் சொல்வது அக்காவின் பொறுப்பு. நேரம் மாறினால் உடனே தெரியட்டும் என்று ஃபோனில் ஒரு செயலியை இறக்கினார். போகப்போக, எந்த நாட்டு ராக்கெட் கிளம்பினாலும் அவர் ஃபோன் மணி அடித்தது.

ஒருமுறை அந்தச் செயலி வெளிநாட்டு நேரத்தைக் காட்டியதை அவர் கவனிக்கவில்லை. ராக்கெட் காலையிலேயே போய்விட்டது என்று நினைத்து, ஆறு படகுகளைப் போகச் சொல்லிவிட்டார். விஷயம் தெரிந்ததும் வயர்லெஸ்ஸில் ஒவ்வொரு படகாகக் கூப்பிட்டுத் திருப்பினார். கரைக்கு வந்தவர்களிடம் அவரே போய், "தப்பு என் பேர்ல. மணியைப் பாத்தேன், எந்த ஊரு மணின்னு பாக்கல" என்றார்.

"ஏளா, நீ சொல்லலன்னா எங்களுக்குத் தெரியவா போவுது?" என்றார் படகுக்காரர் சூசை அண்ணன்.

"எனக்குத் தெரியும்லா."

அப்படிப்பட்டவர் தன் விஷயத்தில் என்ன செய்தார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. போன வருடம் வயிற்றில் ஆபரேஷன் என்றார். எப்போது என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் செயலியைப் பார்த்துக்கொண்டே "தள்ளிப்போச்சு" என்றார். ஒருமுறை, ராக்கெட்டைத்தான் சொல்கிறாரோ என்றுகூட நினைத்தேன். அடக்கத்தன்று தங்கையிடம் கேட்டால், "டாக்டர் ஆபரேஷனே வேண்டாம்னுட்டாருன்னு எங்ககிட்ட சொன்னா" என்கிறார். ஆஸ்பத்திரி தள்ளிவைத்ததா, அக்காவே தள்ளினாரா? பயமா, வேறு காரணமா? இதைப் படிப்பவர்களில் அவரை அறிந்த யாரிடமாவது உண்மையைச் சொல்லியிருந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

அக்காவிடம் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்றுதான் என்னிடம் மிச்சம். போன வாரம் சூசை அண்ணன் அலுவலகத்துக்கு வந்தார். நெஞ்சுவலிக்குச் செய்ய வேண்டிய பரிசோதனை தள்ளிப்போய்விட்டது என்றார். எழுதுவதை நிறுத்திவிட்டு, "தள்ளினது யாரு அண்ணே?" என்று கேட்டேன்.

அக்காவின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, "நாந்தான்" என்றார்.