மூடி போடும் வரை

வாயில் போட்டதை விருந்தாளி மென்று முடிப்பதற்குள், அடுத்த குட்டிக் கிண்ணத்திலிருந்து ஒரு வாய் நூடுல்ஸ் அவர் கிண்ணத்தில் வந்து விழுந்துவிடும். “ஹாய், ஜான்ஜான்! இன்னும் கொஞ்சம் ராசா, இதெல்லாம் ஒரு சாப்பாடா?” என்று தோளுக்குப் பின்னால் நின்று மிசாவோ பாட்டாகச் சொல்வாள். போதுமென்றால் கிண்ணத்தை ஒட்டக் காலி செய்து மூடி வைக்க வேண்டும். விரற்கடை சந்து கிடைத்தால்கூட அதற்குள்ளும் ஒரு வாய் போய் விழும். ஊர்ச்சாப்பாடு தேடி மொரியோகாவில் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் சிரித்துக்கொண்டே தோற்பது இந்தக் கையிடம்தான்.

வயது அறுபத்தொன்று. வலது மணிக்கட்டில் எப்போதும் கட்டு. இருபத்திரண்டு வருடமாகப் பின்னால் நின்றே பரிமாறுவதால் மனிதர்களை அவளுக்குப் பிடரியால்தான் தெரியும். “மூஞ்சி பொய் சொல்லும்டி, காது சொல்லாது. செவந்திருச்சுன்னா இன்னும் பத்துக் கிண்ணம்தான்” என்பாள், கணக்கு தப்பாது. அவள் மட்டும் நூடுல்ஸைத் தொடமாட்டாள். அடுக்களை மூலையில் நின்றபடி பன்னைத் தேநீரில் தோய்த்து விழுங்குவாள். தட்டு அடுக்கிக் கொடுக்கும் என் கோப்பை காலியாக இருந்தால் பொறுக்காது, ஊற்றிவிட்டுத்தான் மறுவேலை. ஆனால் எழுந்து போன விருந்தாளியைத் திரும்பிப் பார்க்கவே மாட்டாள். “மூடி போடுற வரைக்கும்தான்டி உறவு. போட்டுட்டா அவங்க யாரோ, நான் யாரோ.”

புருஷன் போன பிறகு இந்தக் கையால்தான் மகன் தகுமியைத் தோக்கியோவில் படிக்க வைத்தாள். வருகிற வசந்தத்தில் அவனுக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் இரண்டு வீட்டாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவது எங்கள் வழக்கம். அந்த அழைப்புக்காக மாதக்கணக்கில் காத்திருந்தாள். பெட்டியிலிருந்த கறுப்புக் கிமோனோவை இரண்டு முறை எடுத்துக் காற்றாட விட்டாள். அக்டோபரில் மகன் போன் செய்து, “உனக்கு லீவு என்னைக்கும்மா?” என்று கேட்டான். புதன் என்று சொல்லிவிட்டு வந்தவள் அடுக்களையையே அமர்க்களப்படுத்தினாள். “சம்பந்திங்க வர்றாங்கடி! ஆனா விருந்தெல்லாம் ஞாயித்துக்கிழமைதானே வைப்பாங்க?” முதலாளியிடம் கெஞ்சி, அந்த மாதப் புதன்களை எல்லாம் கொடுத்து ஒரு ஞாயிறு வாங்கிக்கொண்டாள்.

அப்படி விட்டுக்கொடுத்த முதல் புதன் மத்தியானம் நான்கு பேர் வந்தார்கள். ஊர் ஊராகப் போய்ச் சாப்பிட்டு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்ளும் ஒரு தோக்கியோக்காரர், அவர் மனைவி, மகள், மாப்பிள்ளையாகப் போகிறவன். மிசாவோ மாப்பிள்ளைக்குப் பின்னால் போய் நின்றாள். ஒரு கிண்ணம்கூட விழவில்லை, அவன் காது இரண்டும் செக்கச்செவேலென்று ஆகிவிட்டன. தகுமி கைப்பிள்ளையாக இருந்தபோதே அந்தப் பிடரியைப் பார்த்தவள் நான்.

பெரியவருக்குப் பேச ஆள் கிடைத்துவிட்டது. “நீங்க இந்த ஊராம்மா? நம்ம மாப்பிள்ளையும் இந்த ஊர்தான்! சம்பந்தியம்மாவைப் பாத்துட்டுப் போயிடலாம்னு எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். படுத்த படுக்கையாம், யாரையும் அடையாளம் தெரியாதாம். பாவம்.”

“தெரியாம இருக்கிறதும் ஒரு புண்ணியம்தாங்க” என்றாள் மிசாவோ. “ஹாய், ஜான்ஜான்!”

குரல் கொஞ்சமும் பிசிறவில்லை. எனக்குத்தான் அப்போது விளங்கியது. லீவு நாளைக் கேட்டது அவளைப் பார்க்க அல்ல, பார்க்காமல் போக! படுபாவி, திரும்பி ஒரு தடவை ‘அம்மா’ என்றால் குறைந்தா போய்விடுவான்? அவன் திரும்பவில்லை. மூடியையும் வைக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நாற்பது, ஐம்பது, அறுபது என்று விழுங்கிக்கொண்டே இருந்தான். வாயைத் திறந்து சொல்லத் துப்பில்லாதவன், பாவத்தைத் தின்றே கழித்துவிடப் பார்த்தான்.

“போதும் தகுமி, மூடிடுங்க” என்று அந்தப் பெண் பயந்தாள். “விடும்மா, ஊர்க்காரன்னா சும்மாவா!” என்று அவள் அப்பா கைதட்டினார்.

மிசாவோ எழுபத்து மூன்றாவதைப் போட்டாள். அவன் கை சாப்பாட்டுக் குச்சியோடு அப்படியே நின்றது. எங்கள் கடையில் மூடியை விருந்தாளிதான் வைப்பார். பரிமாறுகிறவள் அதைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. கிண்ணத்தில் நூடுல்ஸ் அப்படியே இருக்க, மிசாவோ அவன் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, மூடியை எடுத்து, அழுத்தி மூடினாள்.