தனக்கொடியின் பன்னிரண்டு டப்பாக்கள்

தாயும் மகனுமாகச் சேர்ந்து செய்த கடைசி வேலை, சமையலறையைக் காலி செய்தது. ஐம்பத்தொன்பதாம் வருஷம், மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதலியார்பேட்டையில் மில்லுக்குப் பின்தெருவில் ஓட்டு வீடு. கண்ணையன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு முக்காலிமேல் ஏறினான். பரணிலும் பலகையிலும் இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். தனக்கொடி வாங்கிப் பின்கட்டில் வெயில் படும் இடமாக வைத்தாள். டப்பாவும் சாடியும் குவளையுமாக முப்பத்தேழு வந்தன.

"இத்தனயும் எதுக்கும்மா?"

"ஒண்ணொண்ணும் ஒண்ணொண்ணுக்கு."

"இந்தச் சேவல் படம் போட்டதுல இன்னா?"

"கடுகு."

"இது?"

"அந்த நசுங்கினதா? மொளகா. அது நீ குடிச்ச பால்மாவு டப்பாடா. நீதான் கீழ போட்டு நசுக்கின."

அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள். கழுத்து உடைந்த சாடியில் உப்பு. காது போன குவளையில் வெந்தயம். பீங்கான் கிண்ணத்தை மூடியாகப் போட்டிருந்ததில் சீரகம். அவன் உள்ளே எட்டிப் பார்த்தான். சொன்னது சொன்னபடி இருந்தது. கூடவே அடியில் கரப்பான் முட்டையும், வெளியில் விரல் ஒட்டும் எண்ணெய்ப் பிசுக்கும், பித்தளைச் செம்பின் கழுத்தில் பச்சைக் களிம்பும் இருந்தன.

"இதுலேர்ந்துதாம்மா வியாதியெல்லாம் வருது."

"ஒன்னப் பெத்து வளத்ததும் இந்த அடுப்படிலதான். நீ நல்லாத்தான கீற."

அவன் சென்னையில் போய்ச் சுகாதார ஆய்வாளர் படிப்பு முடித்துவிட்டு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பிரெஞ்சுக்காரர் போய் நாலு வருஷத்துக்கு மேல் ஆகியும் ஊரார் 'இஜியேன் ஆபீசு' என்றே சொல்லிக்கொண்டிருந்த சுகாதார அலுவலகத்தில் வேலை. தெருத் தெருவாகப் போய், படம் காட்டி, பெண்களுக்குச் சமையலறைச் சுத்தம் பற்றிப் பேசுவான். மேலதிகாரி இராமதாஸ் ஒருநாள், "மாதிரிச் சமையலறைன்னு நாலு வீட்டக் காட்டணும். ஒங்க வீட்டுலேர்ந்தே ஆரம்பிச்சிடலாமா கண்ணையன்?" என்று கேட்டார். சரி என்று சொன்ன வாயோடு அவனுக்குக் கரி படிந்த தன் வீட்டுச் சுவரும் முப்பத்தேழு டப்பாவும் கண்முன் வந்தன. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம்தான் அவனை முக்காலிமேல் ஏற்றியது.

பழையதையெல்லாம் சாக்கில் கட்டிப் பழைய இரும்புக்காரனிடம் போட்டான். தகரக்காரரிடம் சொல்லி ஒரே அளவில் பன்னிரண்டு டப்பா செய்து, வெள்ளை வர்ணம் பூசி, கறுப்பில் பெயர் எழுதினான். உப்பு, மிளகாய், மல்லி, மஞ்சள், மிளகு, சீரகம், வெந்தயம், கடுகு, துவரம்பருப்பு, சர்க்கரை, ரவை. பதினொன்றுதான் ஆயிற்று. சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்ப்பது கூடாது என்று சலவைச் சோடா வாங்கி வந்திருந்தான். பன்னிரண்டாவதில் அதைக் கொட்டி 'சலவைச் சோடா' என்று எழுதினான். பலகை நிறைந்தது. வரிசை அழகாக இருந்தது.

தனக்கொடி வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாம் ஒரே மாரி கீது" என்றாள்.

பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

தனக்கொடிக்கு எழுத்து தெரியாது. பெற்ற பிள்ளைக்கு அது தெரியாது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். நடந்தது இதுதான். வில்லியனூர்ப் பக்கத்து உழவுக் குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணமாகி முதலியார்பேட்டைக்கு வந்தாள். மகனுக்கு நாலு வயதாகும்போது புருஷன் இறந்துவிட்டான். மில்லில் நூல் சுற்றும் பகுதியில் சேர்ந்தாள். மகனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது வாத்தியார், "வீட்டுல படிச்சவங்க யாராவது உண்டா? இல்லன்னா பையன் தேறமாட்டான்" என்றார். "நான் மூணாவது வரைக்கும் படிச்சிருக்கேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். சொன்ன பொய்யைக் காப்பாற்ற, கையெழுத்துப் போடப் பழகினாள். தனக்கொடி என்ற பெயரில் எத்தனை எழுத்து உண்டோ, அத்தனைதான் அவள் படிப்பு.

மற்றதைச் சாமர்த்தியத்தால் நடத்தினாள். மாலையில் எதிரே உட்கார்ந்து அவன் பாடப் புத்தகத்தைத் தன் கையில் வாங்கிக்கொள்வாள். அவன் ஒப்பிப்பான். எங்கே குரல் தயங்குகிறதோ அங்கே, "தப்பு. மறுபடி சொல்லு" என்பாள். தப்பு அவன் குரலில் இருந்தது, புத்தகத்தில் பார்க்க வேண்டிய அவசியமில்லை. ஒருமுறை புத்தகம் தலைகீழாக இருந்தது. கேட்டதற்கு, "ஒனக்கு நேரா இருக்கட்டும்னு புடிச்சேன்" என்றாள். அந்தப் பிள்ளை நம்பினான். வளர்ந்த பிறகும் நம்பினான். நூல் தூசியால் இருமல் வந்து மில்லை விட்டு நின்றபோதும், வேலை கிடைத்த மகன் வீட்டுக்குக் காகிதமும் எழுத்துப் பலகையுமாகக் கொண்டுவந்தபோதும், அவள் அந்த ஒரு வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. மகன் தன்னைப் படித்தவள் என்று நாலு பேரிடம் சொல்வதை அவள் கேட்டிருக்கிறாள்.

புது டப்பாக்கள் வந்த நாலாம் நாள், மூடியின் பிடிகளில் நூல் கட்டியிருப்பதைக் கண்ணையன் பார்த்தான். ஒன்றில் சிவப்பு, ஒன்றில் நீலம், ஒன்றில் மஞ்சளும் கறுப்பும் முறுக்கியது. பதினொரு டப்பாவில் இருந்தது, ஒன்றில் இல்லை. மில்லில் எந்த நம்பர் நூல் என்று தெரிவதற்குச் சிட்டம் என்கிற நூல்கட்டு ஒவ்வொன்றிலும் வேறு வேறு நிற நூல் கட்டுவார்கள். இருபத்திரண்டு வருஷம் அதைச் செய்தவள் அவள். அவனுக்கு அது தோன்றவில்லை. எண்ணெய்க் கை பட்டு, நூல் ஊறி, ஈ உட்காரும் என்பதுதான் தோன்றியது. மறுநாள் இராமதாஸ் வருவதாக இருந்தது. கத்தரியை எடுத்தான்.

"இருந்துட்டுப் போவட்டுமேடா."

"எதுக்கும்மா?"

கொஞ்சம் யோசித்து, "அழகுக்கு" என்றாள்.

"மில்ல வுட்டு வந்தும் மில்லுப் புத்தி ஒன்ன வுடல" என்று சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாக வெட்டினான். வெட்டியதை அடுப்பில் போட்டான். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இராமதாஸ் வந்தார். பலகையைப் பார்த்து, "பலே" என்றார். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று கண்ணையன் பிடித்துக்கொண்டான். அடுப்பில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. தனக்கொடி ஒரு டப்பாவைத் திறந்து, வெள்ளையாக ஒரு கை அள்ளிப் போட்டாள். குழம்பு பால்போல் நுரைத்து எழும்பி, சட்டியைத் தாண்டி அடுப்பில் வழிந்தது. புளியோடு சோடா சேர்ந்தால் அப்படித்தான் ஆகும். அது அவன் பாடத்தில் இருந்தது.

"இன்னாம்மா, மீன் கொழம்பு பொங்கலாட்டம் பொங்குது?" என்று இராமதாஸ் வேடிக்கையாகத்தான் கேட்டார்.

கண்ணையனுக்குக் காது மடல் எரிந்தது. திறந்திருந்த டப்பாவை அவள் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"இவ்ளோ பெருசா எழுதி வெச்சிருக்கேன். தெரியலியா?"

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். வந்தவரையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எழுத்து தெரியலப்பா" என்றாள்.

இருபது வருஷத்துக்குப் பிறகு சொன்ன உண்மை. அவன் காதில் அது கண் பார்வையாக விழுந்தது.

"நாப்பத்தஞ்சு தாண்டினா எல்லாருக்கும் வர்றதுதான். ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுடுங்க" என்று இராமதாஸ் முடித்துவைத்தார். மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் போனார். வாசலில் குரலைத் தாழ்த்தி, "சோடாவ மட்டும் வேற எடத்துல வெச்சிடுங்க" என்றார். உண்கிற பொருளோடு கழுவுகிற பொருளை வைக்கக்கூடாது என்பது கண்ணையன் தெருத் தெருவாகச் சொல்லிவந்த முதல் விதி.

அந்த எரிச்சலையும் அம்மாவின் கண்மேலேயே போட்டான். ஆஸ்பத்திரிக்குப் போனால் வரிசையில் நிற்க வேண்டும் என்று, மார்க்கெட் பக்கம் இருந்த ஒரு கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப் போனான். கடைக்காரரிடம் இரண்டு அட்டை இருந்தன. ஒன்றில் எழுத்துகள். மற்றதில், படிப்பில்லாதவர்களுக்காக, நாலு திசையும் திரும்பி நிற்கும் மூன்று கோட்டுக் குறிகள்.

"அம்மா படிச்சவங்களா?" என்று கடைக்காரர் கேட்டார்.

தனக்கொடி வாயைத் திறந்தாள். அதற்குள் கண்ணையன், "மூணாவது வரைக்கும் படிச்சவங்க" என்றான். பெருமையாகத்தான் சொன்னான்.

எழுத்து அட்டையை மாட்டினார்கள்.

"மேல் வரி சொல்லும்மா."

"தெரியல."

வேறு வில்லை. "இப்போ?"

"தெரியல."

"இது?"

"தெரியல தம்பி."

வில்லை தடிமனாகிக்கொண்டே போனது. ஐந்தாவதோ ஆறாவதோ வில்லையில், மகன் முகம் சுருங்குவதைப் பார்த்துவிட்டு, "மேல 'க' கீது" என்றாள். தன் பெயரில் இருந்த எழுத்து. கடைக்காரருக்குத் திருப்தி. அந்த வில்லையையே போட்டுக் கொடுத்தார்.

அந்தக் கண்ணாடியைப் போட்டால் தரை எங்கோ கீழே போயிற்று. "பள்ளத்துல எறங்கற மாரி கீதுடா" என்று ஒருநாள் சொன்னாள். "பழகிடும்" என்றான். அவன் வெளியே போனதும் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்வாள் போலிருக்கிறது. விடியற்காலையில் சமையலறையில் மூடிகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடும் சத்தம் கேட்கும். டப்பா டப்பாவாக முகர்ந்து பார்த்துத்தான் அவள் ஒரு குழம்பு வைக்க வேண்டியிருந்தது. புது டப்பாமேல் ஆசை என்று அவன் பாயில் படுத்தபடி நினைத்துக்கொண்டான்.

வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் முன்னதாகவே வீட்டுக்கு வந்தான். சந்து வழியாகப் பின்கட்டுப் பக்கம் சைக்கிளைத் திருப்பி மணி அடித்தான். தனக்கொடி கழுநீர்ச் சட்டியோடு படியில் நின்றிருந்தாள். மணி கேட்டதும் சட்டியை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, இடுப்பிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அவனைப் பார்த்துச் சிரித்தாள். காலை எடுத்து வைத்தாள். படி அவள் நினைத்த இடத்தில் இல்லை.

இடுப்பு எலும்பு முறிந்தது. படுத்த படுக்கையில் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. பதினோராம் நாள் போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் ஒருமுறை அவன் கையைப் பிடித்து, "அந்தக் கண்ணாடி ஒடஞ்சிடுச்சாடா?" என்று கேட்டாள். இல்லை என்றான்.

காரியம் முடிந்த மறுநாள், மில் சங்கு ஊதிய பிறகு சின்னப்பாப்பா வந்தாள். மில்லில் தனக்கொடியோடு ஒரே வரிசையில் நின்று வேலை செய்தவள். தலையிலெல்லாம் பஞ்சு. உட்காரச் சொன்னதற்கு நின்றுகொண்டே மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள்.

"இது ஒங்கம்மாது தம்பி. வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

பிரித்தான். விரல் நீளத்துக்குச் சுற்றிய நூல் சுருள்கள். நிறத்துக்கு ஒன்று.

"எதுக்கு அத்தே இது?"

"டப்பாங்களுக்கு. மொதல்ல கட்டினத எலி இழுத்துக்கினு போயிடுச்சாம். ஒங்கம்மா மறுபடி கேட்டுச்சு."

கண்ணையன் பலகையைத் திரும்பிப் பார்த்தான்.

"பேர் எழுதித்தான இருந்துது" என்றான்.

"எழுதி? அதுக்கு எங்க எழுத்து தெரியும்? கையெழுத்தே நான் கூட இருந்து, கோலமாட்டம் போட்டுப் போட்டுப் பழகினதுதான. ஒன்ன பள்ளியோடத்துல சேத்தப்ப." சின்னப்பாப்பா அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "ஒனக்குத் தெரியாதா?"

எழுத்து தெரியலப்பா. தெரியல. தெரியல தம்பி. எல்லாம் அவனுக்கு வரிசையாகக் கேட்டது. ஒன்றுகூடப் பொய் இல்லை.

சுருள்களை எண்ணினான். பதினொன்று.

"டப்பா பன்னெண்டாச்சே" என்றான்.

"நானும் கேட்டேன். கடுகுக்கு வேணாம்னுச்சு. 'க' எனக்குத் தெரியும், எம் புள்ள பேரு எழுத்துன்னுச்சு."

"மத்ததுல எதுக்கு எந்த நெறம்?"

"அது மனசுல இருந்துது தம்பி. எங்கிட்ட சொல்லல."

பலகையில் பன்னிரண்டு டப்பாவும் வரிசை கலையாமல் இருந்தன. சோடா டப்பா இன்னும் ரவைக்குப் பக்கத்திலேயே இருந்தது. வேறு இடத்தில் வைக்க வேண்டும் என்று நினைத்ததோடு சரி.

"புதன்கிழம சங்கு ஊதறப்ப மில்லு வாசலுக்கு வந்து வாங்கிக்கினு போறேன்னுச்சு" என்றாள் சின்னப்பாப்பா. "செவ்வாக்கிழம வுழுந்தது எனக்குத் தெரியாது. கூட்டமெல்லாம் போற வரைக்கும் வாசல்லயே நின்னுக்கினு இருந்தேன்."