எல்லாம் ஒரே கிளி

கடையில் அவருக்குப் பருந்து என்று பெயர். தொலைக்காட்சிப் பிரிவில் பதினாறு வருட விற்பனையாளர். திரையில் ஒரு தூசி இருந்தால் வாசலிலிருந்தே சொல்லிவிடுவார் என்று பேச்சு. அப்படிப் பேசியவர்களில் அவரும் ஒருவர்.

டிவிடியைவிடத் துல்லியமாகப் படம் காட்டும் புதுக் கருவிகள் சந்தைக்கு வந்தபோது இரண்டு வகையாக வந்தன. ஒன்றின் தட்டு மற்றதில் ஓடாது. எது நிலைக்கும் என்று யாருக்கும் தெரியாது. முதலாளி இரண்டையும் வாங்கி, இரண்டு பெரிய டிவிகளின் கீழே வைக்கச் சொன்னார். இடப்பக்கம் ப்ளூ-ரே, வலப்பக்கம் எச்டி டிவிடி. இரண்டிலும் ஒரே விளம்பரப் படம்: கடல், கிளி, அறுத்த தர்பூசணி. சுவரில் இருந்த மற்ற டிவிகளில் அதே படம் பழைய டிவிடியில் ஓடியது.

ஏழு மாதமாகப் பருந்து இடப்பக்கத்துக்காக வாதாடினார். "கிளியோட இறகைப் பாருங்க சார், எண்ணிடலாம்."

யாரும் எண்ணவில்லை. "சுவத்துல ஓடுறதும் இப்படித்தானே இருக்கு?" என்றார்கள். "ரெண்டுல ஒண்ணு ஒழியட்டும், மிஞ்சுறதை வாங்கிக்கலாம்" என்று நடையைக் கட்டினார்கள். உலகத்தில் பாதிப் பேருக்குக் கண்ணே இல்லை என்று பருந்து முடிவுகட்டியிருந்தார். அந்தப் பாதியில் மனைவியும் அடக்கம். கடைக்கு வந்த அன்று, "எல்லாம் ஒரே கிளிதாங்க" என்று சொல்லிவிட்டாள். அவர் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

முதலாளி மட்டும் அந்தக் கண்ணை நம்பினார். இன்று பகல் பன்னிரண்டுக்கு அறுபது ப்ளூ-ரே கருவிகளுக்கு ஆர்டர் போகிறது.

பதினொன்றரைக்குப் பேனா மூடி உருண்டு டிவிக்குப் பின்னால் போயிற்று. எடுக்கக் குனிந்த பருந்து நிமிரவில்லை. புதுக் கருவிகள் இரண்டின் பிளக்குகளும் தரையில் கிடந்தன.

தலையைத் தூக்கினார். இரண்டு திரையிலும் கிளி.

"அக்கா, இந்தப் பிளக்கை எப்பக் கழட்டினீங்க?"

"காலையில, பெருக்குறப்ப," என்றாள் துப்புரவு செய்கிறவள். "ஏன், படம்தான் ஓடுதே."

டிவிகளின் பின்னாலிருந்து வந்த வயரைப் பிடித்துக்கொண்டே போனார். அது கீழ்த்தட்டுப் பழைய டிவிடி கருவியில் போய் முடிந்தது. புதுக் கருவிகளின் வயர்கள் ஏழு மாதமாக உறை பிரிக்காமல் அட்டைப்பெட்டியிலேயே தூங்கின. வாயை மூடிக்கொண்டால் பன்னிரண்டு மணி தானாக வந்துவிடும். காலோ முதலாளி அறைக்குப் போய்விட்டது.

முதலாளி வந்து பார்த்தார். குனிந்து ஒரு பிளக்கைக் கையில் எடுத்தார்.

"என் மச்சான்கிட்ட இடப்பக்கம்தான் உசத்தின்னு அரை மணி நேரம் பேசியிருக்கேன்யா."

உறை பிரித்து வயர்களை மாட்டி, பிளக்குகளையும் செருகினார்கள். கிளிக்கு முதல் முறையாக இறகு முளைத்தது. இரண்டு திரையிலும்.

"இப்ப சொல்லு, எது உசத்தி?"

பருந்து இடது பார்த்தார், வலது பார்த்தார். "தெரியலீங்க மொதலாளி."

"ரெண்டுல ஒண்ணு ஒழியட்டும். அப்புறம் வாங்கிக்கலாம்," என்று முதலாளி ஆர்டர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். "நாளையிலேருந்து நீ மிக்ஸி பக்கம் போ. அங்க பிளக் இல்லேன்னா சத்தம் காட்டிக் கொடுத்துடும்."

பருந்து மனைவிக்குப் போன் போட்டார். "நீ அன்னைக்குச் சொன்னது சரிதான். எல்லாம் ஒரே கிளிதான்."

"அன்னைக்கா?" என்றாள் அவள். "அன்னைக்கு நான் கண்ணாடியை வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேங்க."