ஷெரின் எழுதிய நவம்பர்

என் பேத்தி ஷெரினைப் பற்றி ஊரில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பெற்ற தகப்பனைச் சாகடித்தவள் என்றுகூட ஒருத்தி சொன்னாள். நடந்தது இன்னதென்று நான் சொல்கிறேன். கேட்டுவிட்டு என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் ஆவூருக்குப் பக்கம். ஷெரின் காலையில் பஸ் ஏறிக் கீரனூரில் இறங்கி, அங்கே இன்னொரு பஸ் பிடித்துப் புதுக்கோட்டைக்குப் படிக்கப் போகிறாள். பி.காம் இரண்டாம் வருஷம். ஒல்லியான பிள்ளை. கூட்டத்தில் இடித்துக்கொண்டு ஏறத் தெரியாது. எல்லாரும் ஏறட்டும் என்று நிற்பாள், பஸ் போய்விடும். வீட்டிலும் பேச்சு குறைச்சல்தான். கேட்டதற்குப் பதில் சொல்வாள், அதுவும் பாதி. கையில் போன் இருந்தால் மட்டும் விரல் ஓயாது.

அவளுடைய அப்பா அலெக்ஸ் என் மகன். ஒரே மகன். போர்வண்டியில் வேலை பார்த்தான். தண்ணீர் இல்லாத ஊர்களுக்குப் போய் ஆழ்துளைக் கிணறு போடுகிற வண்டி அது. வருஷத்தில் பாதி நாள் வடக்கேதான் கிடப்பான். ஒரு ஈஸ்டருக்கு வருகிறேன் என்று சொல்லி அங்கிருந்து ரயில் ஏறினான். நாங்கள்தான் ஏற்றிவிட்டோம் என்று அவனோடு வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள். ஏறியவன் வந்து சேரவில்லை. போலீஸ், கலெக்டர் ஆபீஸ், ரயில்வேக்காரர்கள் என்று அலையாத இடமில்லை. இருக்கிறான் என்றும் தெரியவில்லை, இல்லை என்றும் தெரியவில்லை. அப்போது ஷெரின் ஆறாம் வகுப்பு.

என் மருமகள் சூசைமேரி பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள். அந்த வருமானத்திலும் நான் வளர்க்கிற ஆடுகளிலும் குடும்பம் ஓடுகிறது. நவம்பர் எங்களுக்கு ஆத்துமாக்கள் மாதம், செத்தவர்களுக்காக ஜெபிக்கிற மாதம். கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் மெழுகுவத்தி எடுத்துக்கொண்டு போவோம். என் வீட்டுக்காரர் கல்லறையில் மட்டும்தான் ஏற்றுவோம். அலெக்ஸ் பேரைச் சொல்லி யாரும் ஒரு தீக்குச்சிகூடக் கிழிக்கக் கூடாது என்று சொல்லிவைத்திருந்தேன். உடம்பைக் கண்ணால் பார்க்காமல் என் பிள்ளையைச் செத்தவர்களோடு சேர்க்க நான் விடமாட்டேன். இந்த ஒரு விஷயத்தில் சாமியார் சொன்னாலும் கேட்கமாட்டேன்.

போன வருஷம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நேரம். ஷெரின் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பத்தா, நான் ஒரு நாவல் எழுதப் போறேன். நவம்பர் மாசத்துக்குள்ள முடிக்கணும். நெட்டுல ஒரு குரூப்புல சேந்திருக்கேன்."

"பரிசு என்ன தாராங்க?"

"பரிசெல்லாம் இல்ல. எழுதுனதுல தெனம் கொஞ்சம் ஸ்டேட்டஸ்ல போடணும். அப்பத்தான் ஏமாத்தாம எழுதுறோம்னு தெரியும்."

"பரிசு இல்லாததுக்கு எதுக்கு இம்புட்டு மெனக்கெடுற?"

"முடிச்சேன்னு இருக்கும்ல."

உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சூசைமேரிக்குக் காது கேட்டுவிட்டது. "நவம்பர்லதான் செமஸ்டரு வருது. ஏற்கெனவே ஒரு அரியர் கெடக்கு. கதை எழுதுறாளாம் கதை" என்றாள்.

"மழை பேஞ்சாத்தான் எனக்கு எழுத வருதும்மா."

"மழை பேஞ்சா எனக்கு வெறகு எரிய மாட்டேங்குது. அதை எழுதேன்."

எழுதினாள். பஸ்ஸில் எழுதினாள், கல்லூரியில் சாப்பாட்டு நேரத்தில் எழுதினாள். வீட்டுக்கு வந்தால் கணக்குப் புத்தகத்தை மடியில் விரித்துவைத்து அதன்மேல் போனை வைத்துக்கொள்வாள். சூசைமேரி எட்டிப் பார்த்தால் போன் புத்தகத்துக்கு அடியில் போய்விடும். சாயங்காலம் நான் கொட்டகையில் ஆட்டுக்குக் குழை கட்டும்போது பக்கத்தில் நின்று, அன்றைக்கு எழுதியதை வாசிப்பாள். கூரை ஒழுகிக்கொண்டிருக்கும். ஒரு கையால் போனுக்குக் குடை பிடிப்பதுபோல மறைத்துக்கொண்டு வாசிப்பாள்.

போர்வண்டியில் வேலை பார்க்கிற ஒரு அப்பாவின் கதை. வீட்டிலிருக்கிற மகள் சொல்வதுபோல எழுதியிருந்தாள்.

"இது நம்ம அலெக்ஸுதான" என்றேன்.

"கதை அப்பத்தா."

"கதையில அவன் மீன் திங்கிறான். நம்ம அலெக்ஸ் மீனை மோந்துகூடப் பாக்க மாட்டான்."

"அதான் கதைன்னு சொல்றேன்ல."

மீன் தின்றாலும் அது அவன்தான். காதுக்குள் அடைத்த சேற்றைச் சாவியால் நோண்டி எடுக்கிறான். இந்தி தெரியாமல் கடைக்காரனிடம் கையைக் காட்டி முட்டை கேட்கிறான். மிஷினைத் திட்டுகிறான். இத்தனை வருஷமாக எங்கள் வீட்டில் அவன் பேச்சை யாரும் எடுப்பதில்லை. எடுத்தால் சூசைமேரி எழுந்து போய்விடுவாள், நான் கோபப்படுவேன். அதனால் பேசாமலே இருந்துவிட்டோம். இப்போது தினம் சாயங்காலம் அவன் கொட்டகைக்கு வந்து நின்று பேசுவதுபோல இருந்தது எனக்கு. மழை விடக் கூடாது, பிள்ளை எழுதிக்கொண்டே இருக்க வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டேன்.

பாதி மாதத்துக்கு மேல் வாசிப்பு நின்றது. முகம் வாடிக் கிடந்தாள். கேட்டதற்கு, "அவரை என்ன பண்றதுன்னு தெரியல அப்பத்தா" என்றாள்.

"வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வா."

"வந்தா அது பொய்யாத் தெரியுது."

"கதையே பொய்தானடி."

பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று உள்ளே போய்விட்டாள்.

முதல் பரீட்சையன்று விடிந்ததும் பஸ்ஸுக்குப் போனாள். தூறல் விட்டுவிட்டு விழுந்துகொண்டிருந்தது. சூசைமேரியும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். நான் ஆட்டை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருக்கும்போது கோயிலில் துக்க மணி அடித்தது. எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த யார் செத்தாலும், எந்த ஊரில் செத்தாலும், சேதி வந்தவுடன் மணி அடிப்பார்கள். ஒன்று அடித்து, நிறுத்தி, இன்னொன்று. கேட்டதும் அவரவர் நின்ற இடத்திலேயே சிலுவை போட்டுக்கொள்வோம். நானும் போட்டுக்கொண்டேன். யாரோ ஒரு ஆத்துமா இளைப்பாறட்டும் என்று ஒரு பரமண்டல மந்திரமும் சொன்னேன்.

சொல்லி முடிப்பதற்குள் என் கொழுந்தன் மகன் ஜெபமாலை நனைந்துகொண்டே ஓடிவந்தான். வந்தவன் என் காலைப் பிடித்துக்கொண்டான்.

"பெரியம்மா, அலெக்ஸ் அண்ணன் போயிட்டாராமே."

"எவன்டா சொன்னது?"

"பாப்பா ஸ்டேட்டஸ் போட்டிருக்கு. ஒங்களுக்குத் தெரியாதா?"

போனைக் காட்டினான். என் மகனின் போட்டோ இருந்தது. ரேஷன் கார்டுக்கு எடுத்த படம். கீழே எழுத்து. எனக்குப் படிக்கத் தெரியாது. ஜெபமாலை அழுதுகொண்டே வாசித்தான். "அப்பா இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது மழை பெய்துகொண்டிருந்தது." அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் சாவுச் சேதி அப்படித்தான் வருகிறது. ஒரு போட்டோ, கீழே ரெண்டு வரி. தந்தி கிடையாது, ஆள் வந்து சொல்வதும் கிடையாது. பார்த்தவன் கோயில் வேலை பார்க்கிற உபதேசியாரிடம் ஓடியிருக்கிறான், அவர் மணிக்கயிற்றைப் பிடித்துவிட்டார். யாரைக் குற்றம் சொல்வது?

"அது அவ எழுதுற கதைடா" என்றேன். எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு என்னைப் பிடித்து உட்காரவைத்தான். அதற்குள் பெண்கள் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வரத் தொடங்கிவிட்டார்கள். அவன் சாகவில்லை, அது கதை என்று கத்தினேன். கத்தக் கத்த, "கெழவி மனசு தாங்கல" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

சூசைமேரிக்கு ஆள் போய்ச் சொல்லியிருந்தது. கையில் அரிசி கழுவிய ஈரத்தோடு வந்தாள். வாசலுக்கு வந்தவள் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அவளை நாலு பேர் பிடித்தும் அடக்க முடியவில்லை.

ஷெரினுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. பரீட்சை ஹாலில் அணைத்து வைத்திருப்பாள். மத்தியானத்துக்கு மேல் வந்தாள். வாசலில் செருப்புகளைப் பார்த்து, "அப்பத்தாவுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டிருக்கிறாள். நான் செத்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறாள் பிள்ளை. ஒரு கிழவி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "ஒங்கப்பன் போயிட்டானே ஆத்தா" என்று அழுதபோதுதான் அவளுக்கு விளங்கியது.

ஜெபமாலையைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள். அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"கதைன்னா அண்ணன் போட்டோவ ஏன் போட்ட?"

"நாவலுக்கு அட்டை மாதிரிப் போட்டேன் சித்தப்பா."

"அட்டைன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? தெனம் நீ போடுற எழுத்த யாரு வாசிக்கிறா?"

சாயங்காலம் பங்குச்சாமியார் வந்தார். விஷயத்தைக் கேட்டார். "ஞாயித்துக்கெழம பூசையில, தவறா மணி அடிச்சிட்டோம்னு நானே சொல்லிடுறேன்" என்றார்.

"சொல்ல வேணாம் சாமி" என்றாள் சூசைமேரி. "நான் பொண்டாட்டியா விதவையான்னு எனக்கே தெரியாம இருந்தேன். ஒரு கல்யாணத்துக்குப் போனா எங்கிட்டு நிக்கிறதுன்னு தெரியாது. இன்னைக்குத்தான் எல்லாரும் வந்து என்னையக் கட்டிக்கிட்டு அழுதாங்க. அதைத் திருப்பி வாங்கிக்கிட்டுப் போகச் சொல்லாதீங்க."

"என் பிள்ளை செத்தான்னு நீ பாத்தியா?" என்றேன்.

"இருக்காருன்னு நீங்க பாத்தீங்களா அத்தை?"

சாமியார் இரண்டு பேரையும் பார்த்தார். செத்ததற்குக் காகிதம் இல்லாமல் அடக்கச் சடங்கு செய்ய முடியாது, ஆனால் ஒரு ஆத்துமாவுக்காக ஜெபிக்கக் காகிதம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சூசைமேரி மகள் பக்கம் திரும்பினாள். "யாரு கேட்டாலும் கதைன்னு சொல்லாத. எனக்காக இது ஒண்ணு செய்யி" என்றாள்.

நான் விடுவேனா? "நாளைக்கு வீடு வீடாப் போயி, நான் எழுதுனது கதைன்னு சொல்லிட்டு வா. ஒங்கப்பனுக்கு நீ செய்ய வேண்டியது அதான்" என்றேன்.

ஷெரின் என்னையும் பார்த்தாள், அவளுடைய அம்மாவையும் பார்த்தாள். "நாளைக்கழிச்சுப் பரீட்சை இருக்கு" என்றாள்.

அவள் இரண்டையும் செய்யவில்லை. ஸ்டேட்டஸ் மறுநாள் தானாகவே மறைந்துபோயிற்று. பஸ் ஸ்டாப்பில் கேட்டவர்களுக்குத் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டவர்களும் உண்டு, இல்லை என்று எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. சூசைமேரி தாலியைத் தானே கழற்றி மாதா படத்துக்கு முன்னால் வைத்தாள். அலெக்ஸுக்குப் பூசை வைத்தாள். பாதி ஊர் போயிருந்தது. நான் போகவில்லை. ஆடுகளோடு இருந்துகொண்டேன். ஷெரின் என்னோடும் இல்லை, அவளோடும் போகவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

பின்னால் பரீட்சை முடிவு வந்தபோது இரண்டு பேப்பர் போயிருந்தது. சூசைமேரி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பிள்ளை அழுதிருக்கும்.

அந்த நவம்பர் கடைசியில் ஒரு சாயங்காலம் கொட்டகைக்கு வந்தாள். வாசிக்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"முடிஞ்சிருச்சு அப்பத்தா" என்றாள்.

"அவன் என்ன ஆனான்?"

"அம்மாவும் அதைத்தான் கேட்டுச்சு. சொல்லல."

"எனக்கு மட்டும் சொல்லு."

"ஒனக்குச் சொன்னா அம்மாவுக்கும் சொல்லணும். என்னைய விட்டுருங்க ரெண்டு பேரும்."

கையைப் பிடித்தேன். மெதுவாக உருவிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதையும் வாசித்துக் காட்டியதில்லை. காலையில் போகிறாள், சாயங்காலம் வருகிறாள், கேட்டதற்குப் பாதிப் பதில் சொல்கிறாள். அம்மாவுக்கும் அதே பாதிதான்.

அந்தக் கதை இன்னும் அவள் போனில் இருக்கிறது. போனை எங்கே வைக்கிறாள் என்று எனக்குத் தெரியும். பூட்டிவைப்பதுமில்லை. ஜெபமாலையைக் கூப்பிட்டுக் கடைசிப் பக்கத்தை வாசிடா என்றால் வாசித்துவிடுவான். அவனும் அடிக்கடி இந்தப் பக்கம் வருகிறான்தான். வந்தால் உட்காரச் சொல்கிறேன், காப்பி கொடுக்கிறேன், ஆட்டு விலை பேசுகிறோம். அதை மட்டும் நான் அவனிடம் கேட்கவில்லை.