ஓடாத கால்

மட்டக்களப்பிலிருந்து வந்த பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தாள். உயரமான முஸ்லிம் பிள்ளை. பல்கலைக்கழகத்திலிருந்து லீவுக்கு வருகிறாளாம். சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டேயிருந்தாள். நான் படிப்பிக்கிறவள் என்று தெரிந்ததும் மெல்லக் கேட்டாள்.

"டீச்சர், எண்ட கை நல்லாக் கறுத்திட்டா?"

"ஓம், கொஞ்சம். வெயிலுக்க என்ன செய்தாய்?"

"ஓட்டப்போட்டி. நான்தான் முதலாவது." வந்த சிரிப்பு உடனே போய்விட்டது. "வாப்பாக்குத் தெரியா. ஆம்பிளைகள் பார்க்க ஓடின எண்டு ஊருல ஒராள் கதைச்சாலும் காணும், படிப்பு நிண்டிரும்."

அதற்குப் பிறகு அவள் கையை நானும் பார்த்துக்கொண்டே வந்தேன்.

கல்முனையில் இறங்கும்போது மழை கொட்டியது. தெருவுக்கு அந்தப் பக்கம், திரை கட்டிய மாட்டு வண்டிலுக்குப் பக்கத்தில் அவளுடைய வாப்பா குடையோடு நின்றார்.

"ஓடி வா மகள், நனையப் போறாய்!"

அவள் கால் உன்னியதை நான் கண்டேன். உடனே அடக்கிக்கொண்டாள். முக்காட்டை இறுக்கிப் பிடித்தபடி, தலை குனிந்து, அடிமேல் அடி வைத்து அந்தத் தெருவைக் கடந்தாள்.

"என்ன பிள்ள இது, ஓடவும் தெரியாதா?" என்று சிரித்தார் வாப்பா.

எனக்கு வந்த ஆத்திரம் யார் மேல் என்று இன்றைக்கும் பிடிபடவில்லை. அவர் தன் குடையை அவளுக்குப் பிடித்துவிட்டு, தான் நனைந்துகொண்டு நின்றார்.