நான்காவதாக ஒரு பெயர்

போன தேர்தலுக்கு முந்தைய முறை எங்கள் தொகுதியில் தேர்தலே நடக்கவில்லை. கவுன்சிலில் எங்கள் தொகுதிக்கு மூன்று இடம். வேட்புமனுப் போட்டவர்களும் மூன்றே பேர். ஓட்டுச்சீட்டு அச்சடிக்கும் வேலையே இல்லாமல் மூவரும் உறுப்பினர்கள் ஆனார்கள். துறைமுகத்தின் பின்னால் இருந்த நீச்சல்குளத்தைப் பழுது பார்ப்பதாகச் சொல்லிப் பூட்டியதும் அவர்கள்தான். பூட்டு துருப்பிடித்துப் புதுப்பூட்டு வந்ததே தவிர, குளம் திறக்கவில்லை.

அடுத்த தேர்தல் நெருங்கியபோது, மூவரில் மூத்தவரான லாக்லன் டல்லக், இஷ்பெல் மோவட்டின் இறைச்சிக் கடைக்கு வந்தார்.

"இந்தத் தடவையும் ஓட்டு இருக்காதும்மா. ஊருக்குச் செலவு மிச்சம்."

"ஊரைக் கேட்டீங்களா?"

"அவ்வளவு ஆசையா இருந்தா நீயே நின்னுக்கோ! கறி வெட்டுற கை, கவுன்சில்ல தீர்மானம் வெட்டட்டும்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இஷ்பெல் அவர் கேட்ட சாசேஜை நிறுத்துக் கொடுத்தாள். பிறகு ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். எங்களை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டுக் கடையைப் பூட்டினாள். நேரே போய் மனுக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அவள் கணவன் டாட், நண்டு பிடிப்பவன், தலையில் கை வைத்துக்கொண்டான்.

"சுயேச்சையாவா? அவனுங்க உன்னை உரிச்சுத் தொங்கவிட்டுடுவானுங்கடி."

"உரிக்கிறது என் தொழில். அவங்களுக்கு என்ன தெரியும்?"

டல்லக்கின் மைத்துனர் நடத்தும் ஓட்டல், அந்த வாரமே அவளிடம் கறி வாங்குவதை நிறுத்தியது. கடையில் பாதி வியாபாரம் அதுதான். அவள் அசரவில்லை. கிடைமட்டமாக அடிக்கும் மழையில் வீடு வீடாகப் போனாள். கதவைத் திறக்காத வீட்டிலும் நாய்கள் அவளை வாலாட்டி வரவேற்றன.

ஊர் மண்டபத்தில் வேட்பாளர்கள் பேசும் கூட்டம். குளத்தைப் பற்றி யாரோ கேட்டதற்கு டல்லக் கையை விரித்தார்.

"பராமரிக்கக் காசு எங்கே? நீந்தணும்னா கடல் இருக்கே!"

இஷ்பெல் எழுந்தாள்.

"இருக்கு, லாக்லன். என் தம்பி மேக்னஸ் இன்னும் அதுலதான் இருக்கான்."

நீச்சல் தெரியாத மேக்னஸ் படகிலிருந்து தவறி விழுந்ததை, துறைமுகச் சுவரில் நின்று பார்த்தவர்கள் அங்கேயே பலர் இருந்தார்கள்.

"அவனைச் சொல்லி நான் ஓட்டுக் கேக்கல. நம்ம பிள்ளைங்க நாளைக்குப் படகு ஏறும். குளத்தைத் திறங்க. முடியலைன்னா எழுந்திரிச்சு வழி விடுங்க."

எங்கள் ஊரில் ஓட்டு என்றால் பெயர்களுக்கு நேரே ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்ப வரிசை எழுதுவது. முதல் சுற்று எண்ணியபோது டல்லக் முதலிடத்தில், இஷ்பெல் கடைசி. டாட் கிளம்பலாம் என்று மழைக்கோட்டை மாட்டத் தொடங்கினான். அடுத்த சுற்றில், டல்லக் ஜெயிக்கத் தேவையானதற்கு மேல் விழுந்த ஓட்டுகள், அந்தச் சீட்டுகளில் இரண்டாவதாக எழுதியிருந்த பெயர்களுக்குப் போயின. அவருடைய ஆட்களே அங்கே அவள் பெயரை எழுதியிருந்தார்கள்! மூன்றாவது இடத்தில் இருந்தவரைத் தாண்டி இஷ்பெல் ஜெயித்தாள்.

முதல் கூட்டத்திலேயே குளத்துக்காகத் தீர்மானம் கொண்டுவந்தாள், தோற்றது. அடுத்த கூட்டத்தில் மறுபடி கொண்டுவந்தாள். தோற்றது, ஆனால் இம்முறை மற்றத் தொகுதி உறுப்பினர்களின் நான்கு கைகள் அவளோடு உயர்ந்தன. ஓட்டல்காரர் இன்றுவரை அவளிடம் கறி வாங்குவதில்லை.

போன வாரக் கூட்டத்தில் அவள் எழுந்ததும் டல்லக் முனகினார்.

"மறுபடியுமா, இஷ்பெல்?"

"கதவு திறக்கிற வரைக்கும். வசதியா உக்காருங்க, நேரமாகும்."